மணி சேர்ப்போர் சுவை

மணி என்பது தமிழிற் பல பொருள் தரும் ஒரு சொல். கோயிலில் ஒலிப்பது மணி. காலத்தைக் கணக்கிட்டுக் கூறுவதும் மணி. மண்ணினின்று எடுத்துத் தீட்டி அணிவதும் மணி. ஈழநாட்டில் நாம் கடிகாரத்தை மணிக்கூடு என வழங்குகின்றோம். அக்கூட்டினுள்ளே உண்மையாகவே மணிகள் உள என்பதைப் பலர் அறியார். கைக்கடிகாரத்தின் முகப்பில் ‘17 கற்கள்’ எனப் பொறித்திருத்தலைக் கண்டிருப்போம். அவை அழகு கருதிப் பதித்தன அல்ல. சக்கரங்களின் அச்சுமுனைகள் இடைவிடாது சுழலுங்கால் தேயாதிருத்தற்பொருட்டு, துளையிட்ட மாணிக்கங்களை அவற்றுக்கு இருக்கையாக அமைத்தனர். சுவிற்சர்லாந்தினரான நிக்கொலாஸ் பாத்தியோ என்பார், இலண்டனிலே கடிகாரத் தொழில் செய்த இரு சகோதரருடன் கூடி, 1704 ஆம் ஆண்டில் இம்முறைக்கு உரிமை பெற்றனர்.

மணிக்கும் மணிக்கூட்டுக்கும் உள்ள உறவு இவ்வளவில் அமையவில்லை. விலையுயர்ந்த கடிகாரங்களைச் சேர்ப்போரும் மணிகளைச் சேர்ப்போரும் ஏறக்குறைய ஒரே வழியிற் சுவை வளரப் பெறுகின்றனர். அவ்வழி யாது என்பதை, மணியாற் பெயர்பெற்ற சபரகமுவா மாகாணத்தை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவோம்.

சேர்க்கத் தொடங்குவோன் முதலிற் கேட்கும் வினா, ‘எவ்வளவு பெரிது?’ என்பதே. கடிகாரமாயின் பொன்னுறையையும் பெயரையும் பார்ப்பான். கல்லாயின் பருமையையும் நிறத்தையும் பார்ப்பான். இவ்வினா தனி மனிதருக்கு மட்டும் உரியதன்று. 2021 ஆம் ஆண்டிலே, இரத்தினபுரிப் பகுதியில் ஒரு வீட்டு வளவிற் கிணறு தோண்டுகையில் 510 கிலோகிராம் நிறையுள்ள நீலக்கற் றிரள் ஒன்று கிடைத்ததென அறிவிக்கப்பட்டபோது, உலகப் பத்திரிகைகள் யாவும் அதன் இருபத்தைந்து இலட்சம் கரட் எடையையே பெரிதாகப் பேசின. கற்றிரளின் எடை வேறு. அதனின்றும் வெட்டித் தீட்டத்தக்க மணியின் அளவு வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தோர் அப்பொழுதே ஐயம் எழுப்பினர்.

சில காலம் பழகியபின் வினா மாறுகின்றது. ‘இதிலுள்ள குற்றம் யாது?’ எனக் கேட்கத் தொடங்குகின்றான். இக்கலை தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை வருணிக்குமிடத்து, வைரத்தின் குற்றங்களையும் நவமணிகளின் இயல்பையும் எடுத்துரைக்கின்றது. திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்திலே இறைவனே வணிகனாய் வந்து மணிகளின் குணங்குற்றங்களை விரித்துரைக்கின்றான். கல்லை ஒளிக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பி நோக்கும் இரத்தினபுரித் தெருவணிகர் செய்வதும் அதுவே. கடிகாரஞ் சேர்ப்போன் இப்படியிலே முகப்பை விடுத்து, பின்மூடியைத் திறந்து உள்ளியக்கத்தைக் காண விழைகின்றான்.

மூன்றாம் படிக்கு ஏறுதற்குக் காரணமாயிருந்தது ஒரு வியப்பான நிகழ்ச்சி. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருளின் வகைகள். ஆங்கிலத்தார் அதற்கிட்ட பெயரும் இத்தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே. அலுமினியமும் ஒட்சிசனும் கூடிய அப்பொருளிற் சிறிதளவு குரோமியங் கலந்தாற் செம்மை. இரும்பும் தைற்றேனியமுங் கலந்தால் நீலம். இதனை அறிந்த பிரெஞ்சு இரசாயனர் ஒகுஸ்த் வெர்னாய், அலுமினிய ஒட்சைட்டுப் பொடியைச் சுவாலையில் உருக்கி மாணிக்கம் ஆக்கும் முறையை 1902 ஆம் ஆண்டில் வெளியிட்டார். குறையற்ற சிவப்புக் கல் அன்று முதல் மலிந்தது. கடிகாரங்களுள் இன்றிருக்கும் கற்கள் இவ்வாறு ஆக்கப்பட்டனவே.

குறையின்மை மலிந்தால் சுவை என் செய்யும்? அது குறையை நாடிற்று! இயற்கை மணியினுள்ளே காணப்படும் மெல்லிய ஊசி போன்ற படிகங்கள், நேர்கோடுகளாய் அமைந்த வளர்ச்சி வரிகள் ஆகியவை முன்னர் விலையைக் குறைத்தன. பின்னர் அவையே பிறப்புச் சான்றாயின. ஆக்கிய கல்லில் அவ்வரிகள் வளைந்திருக்கும், காற்றுக்குமிழிகளும் இருக்கும். கடிகார உலகிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1969 ஆம் ஆண்டிலே யப்பானின் செய்க்கோ நிறுவனம் பளிங்குக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன்பின் சில ஆண்டுகளில், விலை மலிந்த கடிகாரமும் பொன் மணிக்கூட்டினும் திருத்தமாய் நேரங் காட்டிற்று. சேர்ப்போரோ திருத்தத்தை விட்டு, கையால் அராவிய சக்கரத்தையும் பழந்தொழிலாளன் விட்ட சுவட்டையும் நாடினர். இப்படியில் எழும் வினா, ‘இஃது எங்குப் பிறந்தது, எவ்வாறு ஆயிற்று?’ என்பதாம்.

இவ்வினாவைக் கேளாதோர் இழந்தது சிறிதன்று. பால் போல மங்கிய குருந்தக் கற்கள் சபரகமுவாவில் ஏராளமாய்க் கிடைத்தன. கெவுடா எனப்படும் அவற்றை நெடுங்காலம் மதிப்பாரில்லை. 1970 களிலே தாய்லாந்து வணிகர் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, 1500 பாகை சதமளவுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சூடாக்கினர். உள்ளிருந்த நுண்ணூசிகள் கரைந்தன. அவற்றிலிருந்த தைற்றேனியம் கல்லிற் கலந்து ஆழ்ந்த நீலந் தந்தது. நம்மவர் கழிவென விற்றது பிறர் நாட்டிற் பெருஞ்செல்வமாயிற்று. மண்ணின் வளம் குன்றவில்லை. குன்றியது மண்ணை அறியும் அறிவே.

அறிவோடு நோக்கியவர் பெற்ற பயனையும் ஈண்டுக் கூறவேண்டும். 1945 ஆம் ஆண்டில், அயர்லாந்தின் டப்ளின் நகரிலே இரிச்சாட் தாபே என்பார் பழங்கற்கள் சிலவற்றை வாங்கினார். அவற்றுள் இளஊதா நிறக் கல்லொன்று ஸ்பினல் என எண்ணப்பட்டது. ஸ்பினலில் ஒளி பிளவுறாது. இக்கல்லிலோ உருவங்கள் இரட்டையாய்த் தோன்றின. ஆராய்ந்தபோது அஃது உலகம் அறியாத கனிப்பொருள் எனத் தெரிந்தது. தாபைற்று எனப் பெயர்பெற்ற அக்கல்லின் பிறப்பிடங்களுள் நம் இலங்கையும் ஒன்று. சிங்களைற்று 1952 இல் தனிக் கனிப்பொருளென அறியப்பட்டது. எக்கனைற்று, இரத்தினபுரி மாவட்டத்து எகலியகொடையைப் பிறப்பிடமாகக் கொண்டது. 1961 இற் பெயர் பெற்றது. இக்கற்களைச் சேர்ப்போர் பருமையையோ பளபளப்பையோ கருதுவாரல்லர். அவர் சேர்ப்பது அறிவை.

இவ்வளர்ச்சியின் உச்சியை ஒரு மனிதரின் வாழ்விற் காணலாம். அவர் நம்மவரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய் 1877 இற் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்திற் புவிச்சரிதவியல் பயின்று, 1903 இல் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதிக்கு இயக்குநரானார். பலாங்கொடைப் பகுதி மணிச்சரளையிற் கிடைத்த கருநிறக் கனிப்பொருளொன்றை 1904 இல் ஆராய்ந்து எழுதினார். தோரியனைற்று எனப் பின்னர் உலகம் அறிந்தது அதுவே.

கல்லைத் தேடி ஊரூராய்ச் சென்றவர் கண்ணிற் கல் மட்டும் படவில்லை. கண்டிய நாட்டுக் கொல்லர், தச்சர், நெசவாளர் ஆகியோரின் கைத்திறன் ஆதரிப்பாரின்றி அழிவதைக் கண்டார். 1905 இற் கண்டியத் தலைவர்க்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னர் இந்தியா எங்குஞ் சென்று ஓவியங்களைச் சேர்த்தார். மொகலாய ஓவியத்தினின்றும் வேறான இராசபுத்திர ஓவிய மரபொன்று உண்டென்பதை 1916 இல் இரு தொகுதிகளில் நிலைநாட்டினார். கனியத்திலிருந்து கைவினைக்கும், கைவினையிலிருந்து ஓவியத்துக்கும், ஓவியத்திலிருந்து அதனை ஈன்ற மெய்யுணர்வுக்கும் அவர் சுவை படிப்படியாய் உயர்ந்தது. ‘யார், யாருக்காக, எக்கருத்தோடு செய்தார்?’ என்னும் கடைசி வினாவுக்கு அவர் வந்தடைந்தார்.

அவர் தம் ஓவியங்களைக் கொண்டு இந்தியாவிலே ஒரு கலைக்கூடம் அமைக்க விரும்பினார். அது கைகூடவில்லை. 1917 இல் அவ்வோவியங்கள் அமெரிக்காவின் பொஸ்டன் நூதனசாலையைச் சேர்ந்தன. அவரும் அவற்றின் காப்பாளராய்ச் சென்று, 1947 இல் மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார். கெவுடாக் கல்லுக்கு நேர்ந்தது கலைக்கும் நேர்ந்தது! சுவை வளராத இடத்தில் செல்வம் தங்குவதில்லை.

அக்கடைசி வினாவை மணியிடத்தும் கேட்டல் தகும். சபரகமுவாவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கிடையே, வயற்புறங்களிலும் ஆற்றோரங்களிலும் மாணிக்கக்குழிகள் உள. குழியின் சுவர் சரியாதவாறு மரச்சட்டமிட்டு, சட்டத்தின் பின்னே பன்னத்தழை செருகி, ஊறும் நீரை இறைத்து, இல்லம் எனப்படும் மணிச்சரளையை மேலே ஏற்றிக் கூடையில் அரிக்கின்றனர். நிலத்துக்குரியார்க்கும் நீரிறைபொறிக்குரியார்க்கும் குழியில் இறங்கியோர்க்கும் கிடைத்ததிற் பங்குண்டு. கிடையாவிடின் இறங்கியோர்க்கு உழைப்பே மிச்சம். மோதிரத்திலுள்ள நீலத்தை நோக்கி அதன் எடையை மட்டும் எண்ணுவோன் முதற்படியில் நிற்கின்றான். அக்குழியையும் அங்கே இறங்கிய மனிதனையும் எண்ணுவோனே அதனை முழுதும் கண்டவன்.

மாணவர்க்கு இதனாற் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. சுவை வளர்வதற்குப் பொருள் வேண்டுவதில்லை, வினா வேண்டும். சரளையிற் பொறுக்கிய ஒரு கூழாங்கல்லும் அதற்குப் போதும். பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். இவ்விழாவின் நினைவாக நம் கல்லூரியில் ஒரு கண்ணாடிப் பேழை அமைப்போமாக. இம்மண்ணின் கற்களும் வழக்கொழிந்த கருவிகளும் அதிற் சேர்க; ஒவ்வொன்றின் அடியிலும், அது கிடைத்த இடம், ஆண்டு, எடுத்தவர் பெயர் ஆகிய மூன்றும் எழுதப்படுக. விலை எழுதவேண்டுவதில்லை.