குரோமியப் பூச்சில் துரு எப்படி வருகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் காஞ்சிபுரத் தெருக்களில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களின் ஹேண்டில்பாரை உற்றுப் பாருங்கள். பளபளக்கும் பரப்பில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் தென்படும். குரோமியம் துருப்பிடிக்காதே, பின் இது எப்படி?

துருப்பிடிப்பது குரோமியமன்று, அடியிலுள்ள எஃகு. மேற்பூச்சின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. அதன் கீழே நிக்கல் பூச்சு உண்டு. இவற்றிலுள்ள நுண்துளைகள் வழியே மழைநீரும் ஆக்ஸிஜனும் எஃகை எட்டியதும் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது! இரும்பு ஆனோடாகவும், நிக்கல் கேதோடாகவும், மழைநீர் மின்பகுளியாகவும் அமைகின்றன. அகன்ற நிக்கல் பரப்புக்கு எலெக்ட்ரான்களைத் தந்து ஊசிமுனையளவு இரும்பு கரைகிறது. ஆகவேதான் புள்ளி ஆழமாக இறங்குகிறது. துத்தநாகம் பூசிய வாளியிலோ நிலைமை நேர்மாறு. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய உலோக அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது.

உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, எளிதில் கீறாது. உப்புத்தாள் பூச்சையே சுரண்டிவிடும். பிறகு நன்கு உலர்த்தி மெழுகு பூசுங்கள், துளைகள் அடைபடும். எண்ணெயும் பூசலாம். ஆனால் பிரேக்கில் ஒரு துளி பட்டாலும் ஆபத்து, பிரேக் பிடிக்காது. சேஸிஸ் இணைப்புகளில் துரு செதில் செதிலாக உதிர்ந்தால் மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஈர வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள்; ஈரம் உள்ளேயே தங்கும். பட்டுச் சேலை ஏற்றிச் செல்லும் வண்டியானால் கூடுதல் கவனம் தேவை. பட்டில் படியும் துருக்கறை சோப்புக்குப் போகாது.