கிளிஞ்சலைத் திருப்பிப் பார்த்தல்

சென்ற வாரம் சங்கின் சுழற்சியைப் பற்றிப் பேசினோம். இவ்வாரம் இரட்டை ஓடுடைய பிராணிகளிடம் வருவோம்.

செட்டிநாட்டு மாளிகைக்குள் நுழைந்ததும் அதன் வழவழப்பான சுவரைத் தடவி, முட்டையின் வெள்ளைக் கருவையும் கடுக்காய் நீரையும் புகழ்ந்துவிட்டு மேலே செல்வது விருந்தினர் வழக்கம். ஆனால் அவ்விரண்டும் துணைப் பொருள்களே என்பதையும், பூச்சுக்கு உடம்பாய் நிற்பது காளவாயில் சுட்டு நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு என்பதையும், அக்கிளிஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு ஜீவன் தனக்கெனக் கட்டிக்கொண்ட வீடாயிருந்தது என்பதையும் நினைப்பவர் சிலரே. காளவாய்க்காரருக்கு ஓடு எந்த ஜாதி என்ற விசாரம் கிடையாது. எதைச் சுட்டாலும் கரியமில வாயு நீங்கி, 100 பங்கு எடை 56 பங்காகக் குறைந்து, நீர் பட்டதும் கொதித்துப் பொரிந்து சுண்ணாம்பாகிவிடுகிறது. நமக்கோ, தொண்டிக் கரையில் குனிந்து எடுத்த ஓட்டின் குலம் கோத்திரம் தெரிந்தாக வேண்டும்.

இங்கே பெரும்பாலோர் வர்ணத்தைக் கண்டு மயங்குகிறார்கள். வர்ணம் நம்பத்தக்க சாட்சியன்று. ஒரே இன மட்டியில் வெளிர் மஞ்சள், பழுப்பு, பட்டையிட்டது, பட்டையில்லாதது எல்லாம் உண்டு. வெயிலிலும் அலையிலும் சில காலம் கிடந்தால் யாவும் வெளுத்துவிடும். ஓட்டைத் திருப்பி உட்புறத்தைப் பார்ப்பதே முறை.

முதலில் மேல்விளிம்பில், இரு ஓடுகளும் கீலாய்ப் பொருந்துமிடத்திலுள்ள பற்களை நோக்குக. குட்டையான, நேர்க்கோடான அவ்விளிம்பில் நுண்ணிய பற்கள் சீப்புப்போல் வரிசையாய் நின்று, புறத்தே தடித்த வரம்புகளும் அவற்றின்மீது மணிமணியான முடிச்சுகளும் இருப்பின், அது ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ல் பெயர் சூட்டிய ஆனடாரா கிரானோசா என்னும் இனமாகலாம். அதன் குருதி நம்முடையதைப் போலவே சிவந்தது என்பது இக்குலத்தில் ஓர் அபூர்வம். அவ்வாறன்றி, உச்சியின் கீழே மூன்று தடித்த பற்கள் கூடிநிற்க, ஓடு முக்கோணம் தழுவிய வட்டமாய், கனமாய், புறத்தே வழவழப்பாய் இருந்தால், அது பெரும்பாலும் மெரெட்ரிக்ஸ் சாதியைச் சேர்ந்த மட்டியே. கழிமுகங்களில் வாழ்ந்து, ஆற்றுநீரோடு வந்து கரையொதுங்குவது.

பற்களுக்கு அடுத்தபடி தழும்புகள். உட்புறத்தின் இரு கோடியிலும் வழுவழுப்பான இரண்டு தடங்கள் தெரியும். ஓட்டை இறுக மூடிய தசைகள் பற்றியிருந்த இடங்கள் அவை. மூடுவது தசையின் வேலை. திறப்பதோ கீலிலுள்ள விசைநாரின் வேலை. ஆகவேதான் உயிர் போன மட்டி வாய் திறந்து கிடக்கிறது. சமையலுக்கு வாங்குவோர் வாய் பிளந்ததைத் தட்டிப் பார்த்து, மூடாவிட்டால் ஒதுக்கிவிடுவதிலுள்ள சாஸ்திரமும் இதுவே.

இரு தடங்களையும் இணைத்து ஒரு மெல்லிய கோடு ஓடும். உடலைப் போர்த்திய சவ்வு ஒட்டியிருந்த வரம்பு அது. அக்கோடு பின்புறத்தில் உள்வாங்கி ஒரு குடாபோல் வளைந்திருந்தால், அங்கே நீரை வாங்கவும் விடவும் குழல்கள் இருந்தன என்று அறிக. குடா ஆழமானால் குழல் நீளம். குழல் நீண்டால் அப்பிராணி மணலுக்குள் ஆழப் புதைந்து வாழ்ந்தது. மெரெட்ரிக்ஸில் குடா மிகவும் மேலோட்டமானது. சேற்றுக்குச் சற்றே கீழே குடியிருந்த ஜீவன். ஆனடாராவில் குடாவே இல்லை. மாமிசம் மறைந்து எத்தனை காலமானாலும், அதன் வாசஸ்தலத்தை ஓடு சொல்லிவிடுகிறது. எனக்கு இதைவிட வியப்பான கோடு வேறில்லை.

கையிலிருப்பது இடது ஓடா, வலது ஓடா என்பதையும் அக்குடாவே தீர்த்துவைக்கும். உச்சியை மேலாக்கி, உட்புறத்தைத் தம்மை நோக்கிப் பிடித்தால், குடா இடப்பக்கம் தெரிவது இடது ஓடு, வலப்பக்கம் தெரிவது வலது ஓடு.

இவற்றால் இனத்தை நிச்சயிக்க இயலாதபோது, பாம்பன் அருகேயுள்ள குருசடைத் தீவின் இரட்டை ஓட்டுப் பிராணிகளைப் பற்றி எஸ். டி. சத்தியமூர்த்தி எழுதி, சென்னை அருங்காட்சியகம் 1956-ல் வெளியிட்ட நூல் பெருந்துணையாகும்.

உச்சியருகே, யாரோ தமரூசியால் துளைத்ததுபோல் வட்டமான சிறு துவாரமுள்ள ஓடுகளும் கிடைக்கும். பிள்ளைகள் நூல் கோத்து மாலையாக்க உகந்தவை. ஆனால் துளைத்தவன் மனிதனல்லன், மணலுக்கடியில் மட்டியைத் தேடிப் பிடித்து ஓட்டைக் குடையும் நத்தை. அவனுடைய ஆயுதங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.