அகதிப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு!

பெர்லினில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ஆனால் வகுப்பறைப் பக்கம் போனால் காதில் விழுவது பெரும்பாலும் பிரெஞ்சு! பெயரும் இரண்டு. ஜெர்மானியர்களுக்கு 'ஃப்ரான்ஸோஸிஷஸ் கிம்னாசியம்', பிரெஞ்சுக்காரர்களுக்கு 'லிசே ஃப்ரான்ஸே'. வயது? 330-ஐத் தாண்டிவிட்டது.

1685-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, நாட்டில் புராட்டஸ்டன்ட் வழிபாட்டுக்குத் தடை போட்டார். 'ஹியூகனாட்' எனப்பட்ட அந்த மக்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டினார்கள். அதே ஆண்டு, பிராண்டன்பர்க் ஆட்சியாளர் பிரெடரிக் வில்லியம், "இங்கே வாருங்கள்" என்று அறிவித்தார். நிலம், வரிச்சலுகை, சொந்தமொழியில் வழிபாடு என எல்லாம் தருவதாகச் சொன்னார். வெறும் இரக்கம் மட்டுமில்லை. முப்பதாண்டுப் போரில் ஆளில்லாமல் கிடந்த தேசத்துக்குக் கைத்தொழில் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். சுமார் 20,000 பேர் வந்தார்கள்.

வந்த இடத்தில் பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பது? அதற்காக 1689-ல் அவருடைய மகன் தொடங்கியதுதான் இந்தப் பள்ளி. பொறுப்பேற்றவர், தானும் அகதியாக வந்த வழக்கறிஞர் ஷார்ல் ஆன்சியோன்.

தலைமுறைகள் மாற, ஹியூகனாட் வீடுகளில் ஜெர்மன் குடியேறிவிட்டது. பள்ளியில் மட்டும் பிரெஞ்சு நிலைத்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பிவந்த குடும்பத்துப் பையன் ஷமிஸ்ஸோவும் இங்கே படித்தவர்தான். பின்னாளில் தன் நிழலையே விற்றுவிடும் மனிதனின் கதையை எழுதிப் புகழ்பெற்றார். எந்த மொழியில் தெரியுமா? ஜெர்மனில்!

இன்னும் இரண்டு மாணவர்களைச் சொல்ல வேண்டும். ஒருவர், யூதக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் கூர்ட் துகோல்ஸ்கி. நாஜிகள் 1933-ல் அவருடைய புத்தகங்களை எரித்து, குடியுரிமையையும் பறித்தார்கள். மற்றவர், ஹிட்லரின் ராணுவத்துக்கு 'வி-2' ராக்கெட் செய்து, பிறகு அமெரிக்காவை நிலவுக்கு அனுப்ப உதவிய வெர்னர் ஃபான் பிரவுன். இருவருக்கும் ஒரே பள்ளி!

அந்தக் காலத்தில் யூதக் குடும்பங்கள் பல, தங்கள் பிள்ளைகளை இங்கேதான் அனுப்பின. 1938 நவம்பரில், யூத மாணவர்கள் ஜெர்மன் பள்ளிகளில் படிக்கவே கூடாது என்று ஆணை வந்தது. மதத்தின் பெயரால் விரட்டப்பட்டவர்களுக்காகத் திறந்த பள்ளிக்கும் அந்த ஆணை பொருந்தியது. இந்தப் பள்ளியின் வரலாற்றில் நெஞ்சை அடைக்கும் இடம் இதுதான்.

போரில் குண்டுவீச்சு கட்டடத்தைத் தகர்த்தது. பிறகு பெர்லினின் ஒரு பகுதி பிரெஞ்சு ராணுவத்தின் கையில் வர, ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்கான பள்ளியும் இதுவும் 1950-களில் ஒன்றாயின. ஜெர்மன் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்! பள்ளியிறுதியில் ஜெர்மன் 'அபிட்டூர்', பிரெஞ்சு 'பக்கலோரியா' இரண்டுக்கும் இங்கே வழி உண்டு.

1994-ல் பிரெஞ்சு வீரர்கள் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். பள்ளி கிளம்பவில்லை. டெர்ஃப்லிங்கர் தெருவில் இன்றும் மணி அடிக்கிறது. அந்த டெர்ஃப்லிங்கர் யார் என்கிறீர்களா? அகதிகளை அழைத்த அதே பிரெடரிக் வில்லியமின் படைத்தளபதி!