ராமானுஜனுக்கு எட்டாத சாப்பாட்டு மேசை: கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களின் அரட்டையில் கணக்கு, கிரிக்கெட், யுத்தம்!

எந்தக் கல்லூரியின் ஸ்டாஃப் ரூமுக்கும் போய் ஓரமாக ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒரு பக்கம் கிடக்கும். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். பிரின்சிபால் போட்ட புது சர்க்குலரில் தொடங்கி, எங்கோ நடக்கும் போருக்குத் தாவி, நேற்றைய மேட்ச்சில் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி இன்டர்னல் மார்க்கில் வந்து முடியும். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சு.

நம்ம ஊர் கணித மேதை ராமானுஜனை உலகத்துக்குக் காட்டியது அப்படியொரு பேச்சுதான். கேம்பிரிட்ஜின் ட்ரினிட்டி கல்லூரியில் 1913-ம் ஆண்டு நடந்தது அது. அந்தக் கல்லூரிக்கே அவர் வந்து சேர்ந்த பிறகும், பேச்சு நடந்த சாப்பாட்டு மேசைக்குப் பெரும்பாலும் வெளியிலேயே இருக்க நேர்ந்தது என்பது கதையின் இன்னொரு பாதி. ராமானுஜன் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்த மேசையின் கதையை அவ்வளவாக யாரும் சொல்லவில்லை.

முதலில் ஸ்கோர், அப்புறம்தான் கணக்கு

ஜி.எச். ஹார்டி அப்போது ட்ரினிட்டியில் கணித ஆசிரியர். வயது 35. அவருடைய ஒருநாள் எப்படிப் போகும் என்பதை, பிற்காலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பரான எழுத்தாளர் சி.பி. ஸ்னோ விவரமாக எழுதியிருக்கிறார். காலைச் சிற்றுண்டியோடு டைம்ஸ் பேப்பர். ஜனவரி மாதம் என்றால் இங்கிலாந்தில் கிரிக்கெட் கிடையாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் உண்டே! அந்த ஸ்கோர் வந்திருந்தால் அதைத்தான் முதலில் படிப்பார். அதுவும் கணிதத்தைப் படிப்பது போல உன்னிப்பாக. ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை கணக்கு. பிறகு கல்லூரி ஹாலில் மதிய உணவு. பிற்பகலில் டென்னிஸ்.

அப்படி ஒரு ஜனவரி காலையில்தான் மதராஸ் தபால் வந்தது. துறைமுகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா ஒருவர், பக்கம் பக்கமாகச் சூத்திரங்களை எழுதி அனுப்பியிருந்தார். கடிதத்தின் தேதி 16.1.1913. நிரூபணம் என்று எதுவும் இல்லை. இதே கடிதத்துக்கு முன்பே வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர்களுக்கும் ராமானுஜன் எழுதி, அவர்கள் கைகொடுக்கவில்லை என்பதும் தெரிந்த கதை. ஹார்டிக்கும் முதலில் எரிச்சல்தான். தள்ளி வைத்துவிட்டு வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார். ஆனால் டென்னிஸ் ஆடும்போதும் அந்தச் சூத்திரங்கள் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தன. ஏமாற்று வேலையா, மேதையா?

அவர் செய்த காரியம் சாதாரணமானது. சக ஆசிரியர் லிட்டில்வுட்டுக்கு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இருவரும் உட்கார்ந்தார்கள். நள்ளிரவுக்கு முன்பே சந்தேகம் தீர்ந்துவிட்டது. மேதைதான்.

இந்த இருவரின் நட்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரே கல்லூரியில் இருந்துகொண்டே கடிதம் எழுதிக்கொள்ளும் ஜோடி இது! அதற்கு விதிகள் வேறு. ஒருவர் எழுதியது சரியா தப்பா என்பது முக்கியமில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டிய கட்டாயமில்லை. படிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. இன்றைய வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு இந்த விதிகளை அப்படியே போட்டுவிடலாம்.

சில நாள்களில் செய்தி சாப்பாட்டு ஹாலுக்கு வந்துவிட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் எழுதிய ஒரு கடிதத்தில், ஹாலில் ஹார்டியும் லிட்டில்வுட்டும் தலைகால் புரியாத உற்சாகத்தில் இருந்ததையும், மதராஸில் இரண்டாவது நியூட்டனைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர்கள் நம்புவதையும் பதிவு செய்திருக்கிறார். நெவில் என்ற இளம் ஆசிரியர் மதராஸுக்குப் பாடம் நடத்த வந்தபோது ராமானுஜனைச் சந்தித்துச் சம்மதிக்க வைத்தார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார்.

வாணலியில் காய், கையில் புதிர்

ட்ரினிட்டியில் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வெறும் சாப்பாடு அல்ல. அங்கேதான் பேச்சு, அங்கேதான் அறிமுகம், அங்கேதான் பாதி முடிவுகள். ராமானுஜனோ கறாரான சைவம். ஹாலில் சாப்பிட மாட்டார். தன் அறையில் தானே சமைத்துக்கொண்டார். சமைப்பதற்கு முன் உடை மாற்றிக்கொள்ளும் ஆசாரத்தைக்கூட விடவில்லை என்று ஹார்டி குறிப்பிடுகிறார்.

பேச்சில் விருப்பமில்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய அறைக்கு அரட்டை தேடி வந்தது. வந்தவர் பி.சி. மஹாலனோபிஸ். பக்கத்து கிங்ஸ் கல்லூரி மாணவர். பின்னாளில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பாடம் நடத்தி, இந்தியப் புள்ளியியல் கழகத்தையும் நிறுவியவர். ஒருநாள் சாப்பிட வந்தவர், 1914 டிசம்பர் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த ஒரு புதிரை வாசித்துக் காட்டினார். ராமானுஜன் அடுப்பில் காயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

புதிர் இதுதான். ஒரு நீளமான தெரு. ஒரே வரிசையில் 1, 2, 3 என்று கதவு எண்கள். நண்பர் வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும், வலப்பக்கம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே விடை. தெருவில் வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். நண்பரின் கதவு எண் என்ன? (விடை இரண்டு பத்தி தள்ளி இருக்கிறது. முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.)

அந்தத் தெரு இருப்பதாகச் சொல்லப்பட்ட ஊரைக் கவனியுங்கள். பெல்ஜியத்தின் லூவேன். சில மாதங்களுக்கு முன், 1914 ஆகஸ்ட்டில், ஜெர்மானியப் படை எரித்த ஊர். அங்கிருந்த பல்கலைக்கழக நூலகமும் சாம்பலானது. பொழுதுபோக்குப் பக்கத்துப் புதிருக்குள்ளேயே அன்றைய உலகச் செய்தி வந்து உட்கார்ந்திருக்கிறது.

மஹாலனோபிஸ் கொஞ்ச நேரத்தில் ஒரு விடையைக் கண்டுபிடித்திருந்தார். மொத்தம் 288 வீடுகள், நண்பர் வீடு 204. கூட்டிப் பாருங்கள், இரு பக்கமும் 20,706 வரும். ராமானுஜனோ கரண்டியை வைக்காமலேயே, எழுதிக்கொள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் இந்த விடை மட்டுமல்ல, இதுபோன்ற எல்லா விடைகளும் அடக்கம். வீடுகள் எட்டு மட்டும் என்றால் ஆறாம் எண் வீடு. 49 வீடு என்றால் 35-ம் எண். இப்படிப் போய்க்கொண்டே இருக்கும்.

மேசை உடைந்தது

போர் முற்றியது. கல்லூரியின் ஒரு முற்றமே காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனை ஆனது. லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குக் கணக்குப் போடப் போய்விட்டார். சாப்பாட்டு மேசையில் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ரஸல் போரைப் பகிரங்கமாக எதிர்த்தார். ஹார்டியும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார். உலகச் செய்தி என்பது அதுவரை பேப்பரில் படித்துவிட்டு விவாதிக்கிற விஷயம். இப்போது பக்கத்து நாற்காலிக்காரரோடு முகம் கொடுத்துப் பேசுவதா இல்லையா என்கிற விஷயம்.

படையில் சேர மறுத்த ஒருவருக்குத் தரப்பட்ட தண்டனையைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் எழுதினார் ரஸல். 1916 ஜூனில் 100 பவுண்டு அபராதம். ஜூலையில் கல்லூரி நிர்வாகக் குழு அவரை விரிவுரையாளர் பணியிலிருந்தே நீக்கியது. ஹார்டி அதை மறக்கவே இல்லை. 26 வருடம் கழித்து, 1942-ல், நடந்ததை ஆதாரங்களோடு ஒரு சிறு நூலாகவே அச்சடித்தார்.

இந்தச் சண்டை நம்மவரையும் தொட்டது. ராமானுஜனை ட்ரினிட்டியின் ஃபெல்லோ ஆக்க 1917-ல் நடந்த முயற்சி தோற்றது. ஹார்டிமீது கல்லூரியில் இருந்த கசப்பு ஒரு காரணம். நிறவெறி இன்னொன்று. அதை லிட்டில்வுட்டே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அப்பேர்ப்பட்டவரை எப்படி வேண்டாம் என்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், 1918 அக்டோபரில் ஃபெல்லோ பதவி கிடைத்தது. மேசையில் சட்டப்படி ஒரு நாற்காலி! ஆனால் அதற்குள் அவர் நோயோடு லண்டன் பக்கம் மருத்துவ விடுதிகளில் இருந்தார். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று மதராஸில் காலமானார். வயது 32.

ஹார்டியும் 1919-ல் ட்ரினிட்டியை விட்டுக் கிளம்பி ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜுக்குப் போனார். பேச்சுத் துணை சரியாக அமைந்தால் மனிதர் எப்படி மாறுகிறார் பாருங்கள். அங்கே அவர் பேச்சைக் கேட்க ஆள் இருந்தது. வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான வருடங்கள் அவைதான் என்கிறார் ஸ்னோ. 1920-களில் அவர் ஒரு நண்பருக்கு அனுப்பிய புத்தாண்டு போஸ்ட்கார்டில் ஆறு ஆசைகள் இருந்தன. ரீமன் கருதுகோளை நிரூபிக்க வேண்டும். ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட்டின் நான்காவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 211 அடிக்க வேண்டும். கடவுள் இல்லை என்பதற்கு ஊரே ஒப்புக்கொள்ளும் ஒரு வாதம் கண்டுபிடிக்க வேண்டும். எவரெஸ்ட் உச்சியில் முதல் ஆளாக நிற்க வேண்டும். பிரிட்டனும் ஜெர்மனியும் சேர்ந்த சோவியத் ஒன்றியத்துக்கு முதல் அதிபராக வேண்டும். முசோலினியைக் கொல்ல வேண்டும். ஸ்டாஃப் ரூம் பேச்சு முழுவதும் ஒரே கார்டில் இருக்கிறது!

1931-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியவர், ஸ்னோவை முதன்முதலில் சந்தித்தபோது கேட்டதெல்லாம் கிரிக்கெட் கேள்விகள். உருப்படியான ஆள்தானா என்று பார்க்க அது ஒரு இன்டர்வியூ.

கேட்காமல் விட்ட கேள்வி

ராமானுஜனைப் பற்றிப் பின்னர் உரையாற்றும்போது ஹார்டி ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். கிழக்கத்திய மர்ம மனிதர் போல அவரைக் காட்டாதீர்கள். கூட உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு அரசியலோ கணக்கோ பேசி மகிழக்கூடிய மனிதர் அவர் என்றார்.

இங்கிலாந்தில் பல ஆண்டுகள் ஏறக்குறைய தினமும் இருவரும் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் ராமானுஜன் கும்பகோணத்திலும் மதராஸிலும் எந்தெந்தப் புத்தகங்களைப் படித்துத் தானாகக் கற்றார் என்பதில் பெரிய இடைவெளி இருக்கிறது. நீள்வட்டச் சார்புகள் குறித்து கேலி எழுதிய நூலைப் பார்த்திருக்கிறாரா, கிரீன்ஹில் எழுதியதைப் பார்த்திருக்கிறாரா? கேட்டிருந்தால் ராமானுஜன் ஒளிக்காமல் சொல்லியிருப்பார், தான்தான் கேட்கவே இல்லை என்று ஹார்டியே வருந்தி எழுதியிருக்கிறார். தினமும் அரை டஜன் புதுத் தேற்றங்களோடு வந்து நிற்கும் ஒருவரிடம், பழையதை எங்கே படித்தாய் என்று கேட்பது அப்போது அபத்தமாகப் பட்டதாம்.