மாத்திரை இறங்கும் நேரம்

"காலைல மாட்டுக்குத் தவிடு கலக்கி வெச்ச மனுசன், பதினோரு மணிக்கு லோட்டாவைத் தூக்க முடியலன்னு உக்காந்துடறாரு. மத்தியானம் பார்த்தா மறுபடி நடக்கிறாரு. நெசமா நடிப்பான்னே வெளங்கல."

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பார்க்கின்சன் நோயாளி இருக்கும் வீடுகளில் இந்த மாதிரிப் பேச்சு எழாமல் இருப்பது அபூர்வம். ஊரார் இதை 'கை ஒதறல்' என்பார்கள், 'நரம்புத் தளர்ச்சி' என்பார்கள். கை உதறுவது பழகிவிடும். மெதுவாக நடப்பதும் பழகிவிடும். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு விதமாக இருப்பதுதான் வீட்டாரைக் குழப்புகிறது. சந்தேகம் வருகிறது, பிறகு சலிப்பு வருகிறது. சில வீடுகளில் மந்திரிக்கவும் அழைத்துப் போகிறார்கள்.

நடிப்பும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. காலையில் போட்ட மாத்திரையின் வேகம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மருந்து வேலை செய்யும் நேரத்தை 'ஆன்' என்றும், விட்டுப்போன நேரத்தை 'ஆஃப்' என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். இந்த ஆஃப் நேரத்தைக் குறைப்பதில் பாதி வேலை டாக்டருடையது. மீதி, வீட்டுக் கடிகாரத்திலும் சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கிறது.

ஏன் விட்டுப்போகிறது?

நடுமூளையில் ஒரு சின்னக் கருநிறப் பகுதி. அங்குள்ள செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நினைத்தவுடன் கை நீள்வதும், கால் எடுத்து வைப்பதும் அதன் தயவில்தான். பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. டோபமினை நேராக மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால் அதன் மூலப்பொருளான லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். வழியிலேயே அது டோபமினாக மாறி வீணாகாமல் இருக்க, கூடவே கார்பிடோபா சேர்க்கிறார்கள். நம்மூர் மருந்துக் கடைகளில் 'சின்டோபா' என்று கேட்டு வாங்குவது இந்தக் கூட்டைத்தான்.

லெவோடோபா ரத்தத்தில் தங்கும் காலம் கொஞ்சம். கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்படியானால் தொடக்கத்தில் மூன்று வேளை மாத்திரையில் நாள் முழுக்க எப்படி ஓடியது? வீட்டின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி பெரிதாக இருக்கும்வரை மோட்டாரைக் காலை, மாலை போட்டால் போதும். குழாயில் எப்போதும் தண்ணீர் வரும். மிச்சமிருக்கும் மூளைச் செல்கள்தான் அந்தத் தொட்டி. செல்கள் குறையக் குறையத் தொட்டி சுருங்கிவிடுகிறது. பிறகு மோட்டார் ஓடும்போது மட்டும் தண்ணீர். நிறுத்தினால் குழாய் காற்றுதான் விடும். மருந்து தொடங்கி நாலைந்து வருடங்களில் பலர் இந்தக் கட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். மருந்து பலனற்றுப் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வேலை செய்கிறது, முன்போல நேரம் தாங்கவில்லை.

ஆஃப் நேரத்தில் உடம்பு இறுகுவது மட்டும் நடக்கும் என்று நினைப்பது தவறு. திடீரென்று வியர்த்துக் கொட்டலாம், படபடப்பு வரலாம், இனம்புரியாத பயம் பிடிக்கலாம், தோளிலும் காலிலும் வலி குடையலாம். மாரடைப்போ என்று பதறி ஆட்டோ பிடிப்பவர்கள் உண்டு. சுகர் இறங்கிவிட்டது என்று சர்க்கரை கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. முதல் தடவை வந்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் தினமும் அடுத்த மாத்திரைக்கு அரை மணி முன்னால் வந்து, மாத்திரை வேலை செய்ததும் போனால், அது பெரும்பாலும் ஆஃப்தான்.

மல்லாட்டையும் மாத்திரையும்

இது மல்லாட்டை (நிலக்கடலை) பூமி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்களின் டி.எம்.வி. என்ற எழுத்துகளே ஊர்ப்பெயரிலிருந்து வந்தவை. அறுவடைக் காலத்தில் வேகவைத்த மல்லாட்டை இல்லாத திண்ணை கிடையாது. நூறு கிராம் நிலக்கடலைப் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம். சிக்கல் அங்கேதான்.

புரதம் செரித்தால் அமினோ அமிலங்களாகப் பிரியும். லெவோடோபாவும் அமினோ அமில வகைதான். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக இரண்டுக்கும் ஒரே வாசல். மல்லாட்டை, முட்டை, கறி, பருப்பு, பால், தயிர் என்று வயிறு நிறைந்திருக்கும்போது மாத்திரை போட்டால், அது வாசலில் காத்துக் கிடக்கும். ஒரு மணி நேரம் கழித்து வேலை செய்யும். சில சமயம் செய்யாமலே போகும். "மாத்திரை போட்டும் எழுந்திருக்கல" என்ற புகாரில் பல, இப்படித் தட்டில் தொடங்கியவை.

அதனால் லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ, ஒரு டம்ளர் தண்ணீரோடு போடச் சொல்கிறார்கள். பாலிலோ டீயிலோ போடும் பழக்கத்தை விடுவது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட், கொஞ்சம் கஞ்சி போதும். இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் மருந்து ஏறுவதும் தாமதமாகும் என்பதால் கீரை, பழம், தண்ணீர் மூன்றும் இந்த வைத்தியத்தில் சேர்த்தி.

இதைக் கேட்டுவிட்டுப் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே மெலியும் உடம்பு இது. பகலில் ஆஃப் அதிகம் உள்ளவர்களுக்கு, புரதத்தைப் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிப் பார்க்க டாக்டர் சொல்வதுண்டு. மல்லாட்டையை யாரும் பறிக்கவில்லை. நேரத்தை மாற்றச் சொல்கிறார்கள்.

ஒரு நோட்டு, ஒரு செல்போன்

திண்டிவனத்துக்காரர்கள் பெரும்பாலும் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறார்கள். பஸ் வாசலிலேயே நிற்கிறது. விழுப்புரத்துக்காரர்களுக்கு 2010-ல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். எங்கே போனாலும் ஒரு வேடிக்கை நடக்கும். பஸ் ஏற வேண்டுமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். டாக்டர் முன் உட்காரும்போது நோயாளி நல்ல நேரத்தில் இருப்பார். "நல்லாத்தானே இருக்கீங்க" என்று அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்புவார் டாக்டர். வீட்டில் படும் பாடு ஓ.பி. சீட்டில் ஏறாது. சில நாள் இதற்கு நேர் எதிராகவும் ஆகும்: வரிசையில் நின்று மாத்திரை நேரம் தவறி, அசையாமல் போய் உட்காருவார், டோஸ் கூடிவிடும்.

இதற்கு மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டுதான். போவதற்கு முன் மூன்று நாள் குறித்து வைத்தால் போதும். ஒரு காலைப்பொழுது இப்படி இருக்கலாம்:

6.00 மாத்திரை. 6.45 எழுந்து நடந்தார். 8.00 இட்லி. 9.15 கால் தரையில் ஒட்டிக்கொண்டது, வியர்வை. 9.50 ஒரு கை மல்லாட்டை. 10.00 மாத்திரை. 11.20 வரை அசைவில்லை. 11.45 நடக்கிறார், ஆனால் தோளும் கழுத்தும் தானாக நெளிகின்றன.

இந்த நாலு வரியில் ஒரு நரம்பியல் மருத்துவருக்கு மூன்று செய்தி இருக்கிறது. மாத்திரை மூன்றேகால் மணி நேரம்தான் தாங்குகிறது. இடைவெளியோ நாலு மணி. இரண்டாவது மாத்திரையைச் சாப்பாடு தடுத்திருக்கிறது. மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு நெளிகிறது, ஆகவே டோஸைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்ட முடியாது. நடுக்கமும் இந்த நெளிவும் ஒன்றல்ல. நடுக்கம் மருந்து போதாமல் வருவது; நெளிவு பெரும்பாலும் மருந்து மிஞ்சும்போது வருவது. இரண்டையும் 'உதறல்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் வைத்தியம் தலைகீழாகிவிடும். சந்தேகமாக இருந்தால் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

கால் ஒட்டிக்கொண்டால்

ஆஃப் நேரத்தில் கையைப் பிடித்து இழுப்பதுதான் வீட்டார் செய்யும் முதல் காரியம். விழுவதற்கு அதுவே வழி. நிறுத்துங்கள், மூச்சை இழுத்து விடட்டும். உடம்பை இடமும் வலமும் மெல்லச் சாய்க்கச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக் கொடுத்தால் கால் கிளம்பும். எதிரில் உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து அதைத் தாண்டச் சொல்வதும் பலருக்கு உதவுகிறது. நிலைவாசலிலும், குறுகிய நடையிலும் கால் அதிகம் ஒட்டும் என்பதால் தரையில் வண்ண டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டி வைக்கலாம்.

குளிப்பது, சவரம் செய்வது, பேங்குக்குப் போவது எல்லாம் ஆன் நேரத்துக்கு. ஆஃபில் விழுங்குவதும் சிரமம். அவசரமாக ஊட்டினால் புரையேறும். விடியற்காலையில் எழவே முடியாதவர்களுக்கு மாத்திரையும் தண்ணீரும் தலைமாட்டிலேயே இருக்கட்டும். சி.ஆர். என்று போட்ட மாத்திரையை நுணுக்கவோ மெல்லவோ கூடாது; மெல்லக் கரைய வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும்.

வெளியூர் போனால் மாத்திரை சட்டைப் பையில் இருக்க வேண்டும். பஸ்ஸின் மேல்தட்டில் வைத்த பையில் அல்ல. மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சலுக்குப் போய் இரவெல்லாம் கண்விழித்தாலும், மயிலத்தில் கிருத்திகை விரதம் இருந்தாலும், மாத்திரைக்கு விரதம் கிடையாது. வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள், காலை மாத்திரையைத் தண்ணீரோடு போடலாமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் போடலாம் என்பார்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பு முறிந்து வார்டில் சேர்ந்தாலும் மாத்திரை நேரத்தை நர்ஸிடம் எழுதிக் கொடுங்கள்.

ஊசிக்கு முன் ஒரு வார்த்தை

வாந்தி என்றால் நம்மூரில் உடனே ஊசி. அதில் அடிக்கடி கைக்கு வருபவை மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின். இரண்டும் மூளையில் டோபமினைத் தடுப்பவை. பார்க்கின்சன் நோயாளியை மணிக்கணக்கில் ஆஃபில் தள்ளக்கூடியவை. தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் சின்னரிசின், ஃபுளூனரிசின் மாத்திரைகளும் இந்த வகைதான். பார்க்கின்சன் இல்லாதவர்களுக்கே நடுக்கத்தை வரவழைத்துவிடக்கூடும். "இவருக்குப் பார்க்கின்சன் இருக்கு" என்று ஊசிக்கு முன் சொல்லிவிட்டால் மாற்று மருந்து கொடுப்பார்கள்.

நாட்டு மருந்துக் கடைக்கும் இதே விதி. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937-லேயே எம். தாமோதரன், ஆர். ராமசாமி இருவரும் சென்னையில் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அந்தப் பொருள் பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பலன் கண்ட பிறகே வைத்தியம் மாறியது. ஆனால் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது விதைக்கு விதை, கடைக்குக் கடை வேறுபடும். மாத்திரையோடு அதையும் சேர்த்துக்கொண்டு டாக்டரிடம் மறைத்தால், நெளிவும் மனக்குழப்பமும் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

டாக்டர் கையில் இருப்பவை

ஒரு டோஸைச் சிறிதாக்கி அடிக்கடி கொடுப்பது முதல் வழி. என்டகபோன் சேர்த்தால் லெவோடோபா கூடுதல் நேரம் நிற்கும். அதனால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம். ரசாகிலின், மூளையில் டோபமின் சீக்கிரம் சிதையாமல் காக்கும். பிராமிபெக்சால், ரோபினிரோல் ஆகியவை டோபமின் போலவே வேலை செய்பவை. இவற்றில் பகல் தூக்கத்தோடு இன்னொரு பக்கவிளைவும் சிலருக்கு உண்டு: அடக்க முடியாத ஆசைகள். நேற்றுவரை சீட்டையே தொடாதவர் செல்போனில் ரம்மி ஆடிப் பணத்தை இழந்தால், திட்டுவதற்கு முன் மாத்திரைப் பெயரைப் பாருங்கள். நெளிவுக்கு அமாண்டடின் உண்டு.

இவை போதாதவர்களுக்கு, சில நிமிடங்களில் ஆஃபை உடைக்கும் அபோமார்ஃபின் ஊசியும், மூளைக்குள் மின்முனை பொருத்தும் டி.பி.எஸ். அறுவைச் சிகிச்சையும் இந்தியாவிலேயே கிடைக்கின்றன. செலவு அதிகம். டி.பி.எஸ். பொதுவாக மாத்திரை தரும் நல்ல நேரத்தை நீட்டிக் கொடுக்கும். நடுக்கத்தைத் தவிர, மாத்திரையால் சரியாகாததை அதுவும் சரிசெய்யாது. நிலத்தை விற்பதற்கு முன் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறார்கள். வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் அந்தத் திட்டத்தில் உண்டு. நடுக்கம் உள்ளவரைக் கண்டால், "மாத்திரை எத்தனை மணிக்கு விட்டுப்போகுது?" என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் கேட்கலாம். பதிலைச் சீட்டின் ஓரத்தில் எழுதினால் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டை வாங்கலாம். அதைக்கொண்டு கிடைக்கும் உதவிகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். அட்டைக்காக ஊனச் சதவீதத்தை மதிப்பிடும் முகாமுக்கும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் போக முடியும். ஆகவே நோட்டையும் வீடியோவையும் மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். சதவீதம் போடும் டாக்டர், பகலில் பாதி நேரம் எழ முடியாத மனிதருக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும்.