கொணரும் நாய்: தலைமுறைகள் கண்ட மாற்றம்

வேட்டையில் நாய்க்குரிய பணி ஒன்றன்று. இரை பதுங்கியுள்ள இடத்தை மோப்பத்தால் அறிந்து காட்டுவது ஒரு பணி. ஓடித் துரத்திப் பிடிப்பது மற்றொரு பணி. குண்டுபட்டு வீழ்ந்த பறவையைப் புதரிலும் நீரிலும் தேடியெடுத்து, பற்குறி படாமல் வேட்டைக்காரன் கையில் சேர்ப்பது பிறிதொரு பணி. இம்மூன்றாம் பணிக்கென்றே வளர்க்கப்பட்டவை ‘ரிட்ரீவர்’ எனப்படும் நாய்கள். தமிழில் அவற்றைக் கொணரும் நாய்கள் எனலாம். நம் நாட்டில் காவல் துறையினருடன் வெடிகுண்டு தேடும் பணியில் நாம் காணும் லாப்ரடார் இவ்வகையைச் சேர்ந்ததே. இந்நாய்களின் திறனை அளந்தறிய மேலை நாடுகளில் களப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. நாயை அளக்கப் புகுந்த போட்டி, நாளடைவில் நாயையே மாற்றிவிட்ட வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கானடாவின் கிழக்கு ஓரத்திலுள்ள நியூபவுண்டுலாந்துத் தீவின் மீனவரிடம், குட்டையான அடர்ந்த மயிருடைய கருநிற நாய்கள் இருந்தன. தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வருவதும், குளிர்ந்த கடலில் நீந்திக் கயிற்றைக் கரைசேர்ப்பதும் அவற்றின் தொழில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் ஏற்றிவந்த கப்பல்களில் அவை இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தை அடைந்தன. மாம்ஸ்பரிப் பிரபுவின் குடும்பத்தாரும், ஸ்காட்லாந்தின் பக்ளூக் கோமகன் குடும்பத்தாரும் அவற்றை அருமையாகப் பேணினர். 1880களில் முன்னவர் பின்னவருக்கு அளித்த சில நாய்களின் வழியே இன்றைய லாப்ரடார் இனம் தழைத்தது. கோல்டன் ரிட்ரீவர் இனமோ, பின்னாளில் ட்வீட்மவுத் பிரபுவான பெருமகனார் ஒருவர், 1868இல் நூஸ் என்னும் மஞ்சள் நிற நாயை நீர் ஸ்பானியல் ஒன்றுடன் சேர்த்துப் பெற்ற குட்டிகளிலிருந்து தோன்றியது.

அந்நூற்றாண்டில் துப்பாக்கியும் மாறியது. குழலின் பின்புறமாகத் தோட்டாவைச் செருகும் துப்பாக்கி வந்தபின், ஒரு வேட்டையில் வீழும் பறவைகளின் எண்ணிக்கை பெருகிற்று. வீழ்ந்தவற்றையும், அடிபட்டு ஓடி ஒளிந்தவற்றையும் தேடியெடுப்பதற்கென்றே தனி நாய் தேவையாயிற்று. நாய்கள் பெருகவே, எவருடைய நாய் சிறந்தது என்ற கேள்வியும் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டு பிறந்த வேளையில் இங்கிலாந்தில் ரிட்ரீவர்களுக்கான களப் போட்டிகள் தொடங்கின. 1909 முதல் தலைமைப் போட்டியும் நடைபெறலாயிற்று.

தொடக்கக்காலப் போட்டிகளில் நீண்ட மயிருடைய பிளாட் கோட்டட் ரிட்ரீவர்களே மேலோங்கி நின்றன. 1903இல் தனி இனமாக ஏற்கப்பட்ட லாப்ரடார், சில ஆண்டுகளிலேயே அவற்றை முந்திவிட்டது. அக்காலத்து நாயிடம் எதிர்பார்க்கப்பட்டது தன்னறிவும் மூக்குமே. தலைவன் ஏவிவிட்டபின், அடிபட்ட பறவையின் தடத்தைத் தானே கண்டு, தானே தொடர்ந்து, தானே எடுத்து வருவதுதான் அதன் பெருமை.

1911இல் தலைமைப் பட்டம் வென்ற ‘பாஸ்கலியின் பீட்டர்’ என்னும் லாப்ரடார் இந்நிலையில் ஒரு திருப்பத்தைக் குறிக்கிறது. அதனை நடத்திய கேப்டன் ஆர்ச்சிபால்ட் பட்லர் அல்லர், கேப்டன் ஆர்ச்சிபால்ட் பட்டர் என்பவர். விசில் ஒலியாலும் கைச் சைகையாலும் நாயைத் தொலைவிலிருந்தே திருப்பி நடத்தும் முறைக்கு முன்னோடியாகப் போற்றப்படுகிறார். வீழ்ந்த பறவையை நாய் பார்க்காவிடினும் தலைவன் பார்த்திருந்தால் போதும் என்ற நிலை இதனால் பிறந்தது. அன்று முதல், மூக்கை நம்பி ஓடும் நாயினும், விசில் கேட்டதும் நின்று தலைவன் முகம் நோக்கும் நாய்க்கு மதிப்பு உயர்ந்தது. வென்ற நாய்க்கே குட்டிகள் மிகுதி. ஆகவே அவ்வியல்பு பழக்கத்தால் வந்ததோடு நில்லாமல், இனத்தின் குருதியிலும் ஊறத் தொடங்கிற்று.

பிரிட்டனின் போட்டி விதிகளும் இவ்வாறே நாயைச் செதுக்கின. இரையைக் கடித்து நசுக்கும் ‘கடுவாய்’ உடைய நாயும், காத்திருக்கும்போது முனகும் நாயும், ஏவுமுன் பாயும் நாயும் உடனே விலக்கப்படும். கடுவாயும் முனகலும் பெற்றோர் வழி வரக்கூடியவை என்பது வளர்ப்போர் பட்டறிவு. எனவே இத்தகைய விதி, ஒரு நாயைத் தண்டிப்பதோடு அமையாது, அதன் வழித்தோன்றல்களையும் வடிகட்டுகிறது.

அழகுக் காட்சிக்கும் களத்துக்கும் ஒரே நாய் சென்ற காலமும் உண்டு. பின்னாளில் ஹோ கோமகளாகிய லோர்னா அம்மையார் வளர்த்த, 1915இல் பிறந்த ‘பாங்கரி போலோ’ என்ற லாப்ரடார், இரண்டிலும் பட்டம் வென்ற முதல் லாப்ரடாராகப் புகழ்பெற்றது. அத்தகைய இரட்டைப் பட்டத்தினர் பின்னர் அருகிவிட்டனர். காட்சிக் கூடத்து நடுவர் அகன்ற தலையையும் பருத்த உடலையும் விரும்பினார்; களத்து நடுவர் விரைவையும் சோராமையையும் விரும்பினார். இன்று காட்சி வழி லாப்ரடார் கனத்த உடலும் குறுகிய காலும் உடையது. கள வழி லாப்ரடார் மெலிந்து, கால் நீண்டு, ஓட்டத்துக்கு இசைந்தது. பெயர் ஒன்றாயினும் உருவம் இரண்டாகிவிட்டது.

அமெரிக்காவில் இம்மாற்றம் இன்னும் விரைந்து நிகழ்ந்தது. அங்கு முதல் ரிட்ரீவர் போட்டி 1931இல் நியூயார்க் மாநிலத்தில், பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றி நடந்தது. ஆனால் அந்நாட்டில் வாத்து வேட்டை பெரிது, களமோ பரந்தது. இயல்பான வேட்டையை விடுத்து, எல்லா நாய்களுக்கும் ஒரே வகையான சோதனையை அமைக்கும் முறை அங்கு வேரூன்றியது. பறவைகள் பல திசைகளில் வீழ, ஒவ்வொன்றும் வீழ்ந்த இடத்தை நாய் நினைவில் வைத்துக்கொண்டு வரிசையாக எடுத்துவர வேண்டும். பின்பு, தான் காணாத பறவையைத் தலைவன் சைகை கொண்டே அடைய வேண்டும். 1952, 1953 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்ற ‘கிங் பக்’ என்னும் கரிய லாப்ரடாரின் உருவம், 1959இல் அந்நாட்டு அரசின் வாத்து வேட்டை முத்திரைத் தலையில் இடம்பெற்றது. இந்நாய்கள் எய்திய மதிப்புக்கு இது சான்று.

நாய்கள் தேறத் தேற நடுவரின் சிக்கல் வளர்ந்தது. வந்த நாய்களெல்லாம் பறவையைக் கொணர்ந்துவிட்டால் முதல்வனை எங்ஙனம் தேர்வது? சோதனையைக் கடினமாக்குவதே வழியாயிற்று. தொலைவு 300 கஜத்தையும் கடந்தது. அத்தொலைவிலிருந்து கைச் சைகை புலப்படவேண்டி, நாயை நடத்துவோர் வெள்ளைச் சட்டை அணிகின்றனர். குறுக்கே குளம் இருப்பின், கரையோரமாகச் சுற்றிச் செல்வது நாயின் இயற்கை அறிவு. ஆயின் போட்டியிலோ நேர்கோட்டில் நீந்திச் செல்வதே சிறப்பு. சுற்றிச் செல்வது குறையாகக் கருதப்படும். வேட்டைக்காரன் மெச்சும் சமயோசிதம் இங்குக் குற்றமாகிவிடுவது கருதத்தக்கது.

இத்தகைய செயற்கைத் துல்லியத்தை நாய்க்குப் புகட்ட நீண்ட பயிற்சியும் கண்டிப்பும் வேண்டும். 1960களின் இறுதியிலிருந்து மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை பரவலாயிற்று. தொடக்கக்காலக் கருவிகளின் அதிர்ச்சி கடுமையானது. அதனைத் தாங்கும் முரட்டு நாய்களே அப்பயிற்சியில் நிலைத்தன என்று பழக்குவோர் கூறுவர். அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் கருவிகள் பின்னர் வந்தன. இம்முறை கொடிது எனக் கருதிய வேல்ஸ் நாடு 2010இல் அதனைத் தடைசெய்தது. ஆகவே இன்றைய நாயின் திறமை முழுவதையும் பிறவிக்கே உரியதாக்குதல் பொருந்தாது. அதில் பயிற்சியின் பங்கும் பெரிது. பிறவியில் வந்தவை எனத் துணிந்து கூறத்தக்கவை, தணியாத வேலை வேட்கையும், திரும்பத் திரும்பக் கற்பிப்பதைச் சலியாது ஏற்கும் மனமுமே. அவ்வேட்கை வேலையின்றி வீட்டில் அடைபட்டால் தொல்லையாகவும் மாறும்.

வெற்றியை மட்டும் நோக்கியோர்க்குப் புலப்படாத ஒன்றும் குருதியில் மறைந்து வந்தது. நன்கு பழகிய, உடல்வலி மிக்க இளம் லாப்ரடார்கள் சில, கடுமையாக ஓடிய சில நிமிடங்களில் பின்னங்கால் தளர்ந்து வீழ்ந்தன. சில இறந்தும் போயின. இதற்குக் காரணமான மரபணுப் பிழையை அறிவியலார் 2008இல் கண்டறிந்து வெளியிட்டனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பிழையைப் பெற்ற குட்டியே துன்புறும்; ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றது நலமாகவே இருந்து, பிழையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். பட்டம் பெற்ற நாய் ஒன்றை நாடிப் பலரும் செல்லும்போது, அதன் திறமையோடு இத்தகைய பிழையும் பரவும். இன்று இனச்சேர்க்கைக்கு முன் மரபணுச் சோதனை செய்து இதனைத் தவிர்க்க இயலும்.

போட்டி வேட்டையைவிட்டு விலகிச் சென்றதை உணர்ந்த அமெரிக்கர் சிலர், 1983 முதல் வேறொரு வழியை வகுத்தனர். அதில் நாயோடு நாய் மோதுவதில்லை. வேட்டையில் உள்ளது போன்ற சூழலில், வகுத்துரைத்த தகுதியை அடைந்த நாய்கள் அனைத்தும் தேறும். முதல்வனைத் தேடும் தேவை இல்லாததால், சோதனையை ஆண்டுதோறும் கடுமையாக்கவேண்டிய கட்டாயமும் குறைகிறது.

நடுவர் தம் ஏட்டில் எழுதும் மதிப்பெண் அன்றைய நாய்க்கு மட்டும் உரியதன்று. எந்த நாய்க்குக் குட்டிகள் பிறக்கும், எதன் வழி அற்றுப்போகும் என்பதையும் அதுவே பெரிதும் முடிவு செய்கிறது. நூறாண்டுக் களப் போட்டி நமக்கு அளித்தவை விரைவும், கீழ்ப்படிதலும், வியத்தகு நினைவாற்றலும். அவற்றோடு, தன் மூக்கையும் அறிவையும் நம்பித் தானே தேடும் பழைய நாயின் பண்பையும் காக்க வேண்டுமாயின், அப்பண்புக்கும் மதிப்பெண் அளிக்கும் சோதனைகள் தொடர்ந்து நடைபெற வேண்டும்.