உங்களுக்குத் தெரியுமா? மாரடைப்புக்கும் மதிப்பெண் உண்டு

இதய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டு வரும் மாரடைப்பில், அடுத்த 30 நாளில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைப் படுக்கையருகிலேயே கூட்டிப் பார்த்துவிடலாம். 2000-இல் வெளியான 'டிமி' மதிப்பெண் முறை அதற்குத்தான். மொத்தம் 14 புள்ளிகள். வயது 75-ஐத் தொட்டிருந்தால் 3. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100-க்குக் கீழே இறங்கினால் 3. இதயத்துடிப்பு 100-ஐத் தாண்டினால் 2. உடல் எடை 67 கிலோவுக்குக் குறைந்தாலும் 1 புள்ளி சேரும்; ஒல்லியான உடம்பு இங்கே பாதுகாப்பில்லை! இந்த முறையை உருவாக்கிய ஆய்வில், பூஜ்யம் பெற்றவர்களில் இறந்தோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 8-ஐத் தாண்டியவர்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சிகிச்சை தொடங்க 4 மணி நேரத்துக்கு மேலானால் இன்னொரு புள்ளி. அது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. நெஞ்சு வலித்தால், வாயுப் பிடிப்பு என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.